பள்ளிக்கு எழுத்தாளர் வந்தால் பசங்களுக்கு என்ன கிடைக்கும்? திருத்தணியில் இருந்து ஒரு விளக்கம்

கோடை வந்துவிட்டால் திருத்தணி பெயர் தினமும் டிவியில் வரும். எந்த ஊரில் எத்தனை டிகிரி வெயில் என்ற பட்டியலில் வேலூரோடு போட்டி போடும் ஊர் அது. அதை விட்டால் ஆடிக் கிருத்திகை காவடி, டிசம்பர் 31 படித்திருவிழா, செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். வருஷத்துக்கு இந்த நான்கு செய்திதான்.

ஆனால் ஒரு புத்தகமோ அதை எழுதியவரோ ஒரு ஊருக்குள் வந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டில் நல்ல உதாரணம் தேடினால், அதுவும் திருத்தணியில்தான் கிடைக்கிறது. பள்ளிகளுக்கு எழுத்தாளர்களை அழைத்துப் பேச வைப்பது இப்போது பரவலாகிவிட்டது. அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம், வானவில் மன்றம், மாணவர் இதழ்கள் என்று ஏகப்பட்டது நடக்கிறது. இதெல்லாம் பிள்ளைகளை எழுத வைக்குமா, புதுசாக ஏதாவது கண்டுபிடிக்க வைக்குமா, இல்லை பொன்னாடை போர்த்தி போட்டோ எடுப்பதோடு முடிந்துவிடுமா? விரிவாகப் பார்க்கலாம்.

திருத்தணிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முதலில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன், 1888 செப்டம்பர் 5-ல் திருத்தணியில் பிறந்தவர். தொடக்கப் படிப்பு இங்கேதான். பிறகு திருப்பதி, வாலாஜாபேட்டை, வேலூர் என்று போய், கடைசியில் சென்னை கிறிஸ்தவக் கல்லூரி. அவர் ஏன் தத்துவப் பாடம் எடுத்தார் தெரியுமா? பெரிய கனவெல்லாம் இல்லை. வீட்டில் வசதி கிடையாது. அதே கல்லூரியில் படிப்பை முடித்த உறவினர் ஒருவர் தன்னுடைய தத்துவப் புத்தகங்களை இவருக்குக் கொடுத்துவிட்டார். கையில் புத்தகம் இருந்தது, அதனால் பாடமும் அதுவே ஆனது. அந்தப் பழைய புத்தகங்கள்தான் அவரை 1936-ல் ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் நாற்காலி வரைக்கும், 1962-ல் குடியரசுத் தலைவர் மாளிகை வரைக்கும் கொண்டுபோயின.

இரண்டாவது கதை இந்தத் தலைமுறைக்கு அவ்வளவாகத் தெரியாது. 1911-ல் சித்தூர் மாவட்டம் உருவானபோது திருத்தணி அதற்குள் போனது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து திருத்தணியும் அங்கே போய்விட்டது. அதற்குப் பல வருஷம் முன்பிருந்தே இந்தப் பக்கத்துக் கிராமங்களில் ஒரு தமிழ் வாத்தியார் ஊர் ஊராகப் போய்த் தமிழ் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரக்கோணம் பக்கம் புளியமங்கலத்தில் பிறந்ததால் மங்கலங்கிழார் என்று பெயர் வைத்துக்கொண்டவர். மக்கள் அவரை வடக்கெல்லைத் தமிழ் முனிவர் என்றார்கள். குருவராயப்பேட்டையை மையமாக வைத்துத் தமிழ்ச் சங்கம் நடத்தினார். பாடம் நடத்துவதோடு அவர் நிற்கவில்லை. சென்னையில் இருந்த ம.பொ.சிவஞானத்தை இந்தப் பகுதிக்கு அழைத்து வந்தார்.

ம.பொ.சி. யார்? மூன்றாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். அச்சகத்தில் எழுத்துக் கோர்க்கும் வேலை பார்த்தவர். சிவாஜி கணேசன் நடித்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு அடிப்படை வ.உ.சி. பற்றி இவர் எழுதிய புத்தகம். 1966-ல் சாகித்ய அகாடமி விருது பெற்றார். ஒரு பள்ளி வாத்தியார் கூப்பிட்டு வந்த இந்த எழுத்தாளர் எல்லைப் போராட்டத்தைத் தலைமேல் எடுத்துக்கொண்டார், சிறைக்கும் போனார். படாஸ்கர் பரிந்துரையின்படி 1959-ல் சட்டம் வந்து, 1960 ஏப்ரல் 1-ல் திருத்தணி மீண்டும் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. திருப்பதி கிடைக்கவில்லை, திருத்தணி கிடைத்தது. மங்கலங்கிழார் அதைப் பார்க்கவில்லை, 1953-லேயே காலமாகிவிட்டார்.

எழுத்தாளர் வந்ததால் மட்டுமே எல்லை மாறியது என்று சொன்னால் அது மிகை. பல அமைப்புகள், ஆயிரக்கணக்கான மக்கள், உயிரிழப்புகள் எல்லாம் அதில் உண்டு. கவனிக்க வேண்டியது வேறு. அவர் வருவதற்கு முன்பே மங்கலங்கிழார் ஊரைத் தயார் செய்து வைத்திருந்தார். வந்தவர் பேசிவிட்டு ரயில் ஏறியதும் வேலை நின்றுபோகவும் இல்லை. இன்றைக்குப் பள்ளிகளில் நடக்கும் பல நிகழ்ச்சிகளில் இல்லாதது இந்த முன்னும் பின்னும்தான்.

(இன்னொரு வருகையும் இந்த ஊர்க் கணக்கில் உண்டு. இளைஞரான முத்துசாமி தீட்சிதரைத் திருத்தணிக் கோயிலில் ஒரு பெரியவர் வாயைத் திறக்கச் சொல்லி கற்கண்டு போட்டதாகவும், அந்த இனிப்போடு அவர் முதல் கீர்த்தனையைப் பாடியதாகவும் ஐதீகம். அந்தப் பெரியவர் முருகனே என்பார்கள். நம் பள்ளிகளுக்கு வருபவர்களிடம் அவ்வளவு எதிர்பார்க்க முடியாது.)

எழுத்தாளர் வருகைக்கும் சிறப்பு விருந்தினர் வருகைக்கும் என்ன வித்தியாசம்?

சிறப்பு விருந்தினர் நிகழ்ச்சி எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காலை ஒன்பதரைக்கு மைதானத்தில் பிள்ளைகளை உட்கார வைப்பார்கள். விருந்தினர் பதினொன்றேகாலுக்கு வருவார். வரவேற்புரை, பொன்னாடை, நினைவுப் பரிசு, மறுபடியும் பொன்னாடை. கடைசியில் அவர் பேச 20 நிமிஷம் கிடைக்கும். அதற்குள் முன்வரிசை தூங்கிவிடும், பின்வரிசை அடித்துக்கொள்ளும். அதுவும் திருத்தணி வெயிலில்!

எழுத்தாளர் வருகை என்பது வேறு. அவர் எழுதிய புத்தகம் ஒன்றாவது பிள்ளைகள் கையில் முன்கூட்டியே போயிருக்க வேண்டும். அவர் வருவது பேச மட்டும் இல்லை, கேள்விக்குப் பதில் சொல்ல. 'இந்தக் கதையில் அந்த நாயை ஏன் சாகடிச்சீங்க?' என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை கேட்கும்போதுதான் ஒரு விஷயம் அதற்கு உறைக்கும்: இந்தப் புத்தகத்தை ஒரு மனுஷன் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், வேறு மாதிரியும் எழுதியிருக்கலாம். அப்படியானால் நானும் எழுதலாம்.

முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு இது சின்ன விஷயம் இல்லை. வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகமே இல்லாத பிள்ளைக்கு, எழுத்தாளர் என்றால் பாடத்தின் ஆரம்பத்தில் பிறந்த ஊர், பெற்றோர் பெயரோடு கட்டம் போட்டு வரும் ஒரு பெயர். பெரும்பாலும் காலமானவர். உயிரோடு ஒருவர் எதிரில் வந்து தண்ணீர் குடித்து, பேனாவைத் தேடி, 'இந்தக் கதையை ஏழு தடவை அடிச்சு எழுதினேன்' என்று சொல்வதே பாதிப் பாடம்.

கண்டுபிடிப்புக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு?

இதற்குக் கலாமை விட நல்ல உதாரணம் கிடையாது. ராமேஸ்வரம் பள்ளியில் சிவசுப்பிரமணிய ஐயர் என்ற ஆசிரியர் பறவை எப்படிப் பறக்கிறது என்று கரும்பலகையில் படம் போட்டு விளக்கினார். முடிவில் புரிந்ததா என்று கேட்டார். புரியவில்லை என்றான் சிறுவன் கலாம். மற்ற பிள்ளைகளுக்கும் புரியவில்லை. அவர் கோபப்படவில்லை, சாயங்காலம் எல்லோரையும் கடற்கரைக்குக் கூட்டிப் போய், பறவைகள் இறக்கை அடிப்பதையும் திரும்புவதையும் நேரில் காட்டினார். விமானத் துறைக்குப் போகும் எண்ணம் அன்றுதான் விழுந்தது என்று கலாம் பிற்காலத்தில் பல இடங்களில் சொல்லியிருக்கிறார்.

நன்றாகக் கவனித்தால், அங்கே முதலில் வந்தது விளக்கம் இல்லை, 'புரியல' என்ற வார்த்தை. அதைச் சொல்லும் தைரியமும், சொன்னால் அடி விழாது என்ற நம்பிக்கையும் வகுப்பில் இருந்திருக்கின்றன.

அந்தச் சிறுவன் வளர்ந்து ராக்கெட் விஞ்ஞானி ஆனார், 1999-ல் 'அக்னிச் சிறகுகள்' வந்தபின் எழுத்தாளரும் ஆனார். 2001-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவியை விட்ட காலத்தில், பள்ளிப் பிள்ளைகளை நேரில் சந்திப்பதையே வேலையாக வைத்துக்கொண்டார். 2002 ஏப்ரலில் குஜராத்தின் ஆனந்த் நகரில் ஒரு பள்ளிக்குப் போனார். நம் எதிரி யார் என்று பிள்ளைகளுக்குள் பேச்சு வந்தது. ஒரு மாணவி, வறுமைதான் எதிரி என்றாள். கலாம் அப்போது எழுதிக்கொண்டிருந்த புத்தகம் தமிழில் 'எழுச்சி தீபங்கள்' என்று வந்தது. அதை அந்த மாணவிக்கே சமர்ப்பணம் செய்தார். பள்ளிக்குப் போன எழுத்தாளருக்கும் ஏதோ கிடைத்திருக்கிறது, பார்த்தீர்களா?

இதன் மறுபக்கத்தையும் தமிழில் ஒருவர் எழுதியிருக்கிறார். கடலூரில் பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்த இரா.நடராசனின் 'ஆயிஷா' என்ற குறுநாவல். அறிவியல் ஆசிரியை ஒருவர் தன் புத்தகத்துக்கு எழுதும் முன்னுரை மாதிரியே முழுக் கதையும் போகும். கேள்வி கேட்டதற்காகவே பள்ளியில் அடி வாங்கும் ஒரு மாணவியின் கதை. முடிவு நெஞ்சை அடைக்கும். ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து வாசித்த புத்தகம் இது. அதே நடராசனுக்கு 2014-ல் சாகித்ய அகாடமியின் பால புரஸ்கார் விருது கிடைத்தது 'விஞ்ஞான விக்கிரமாதித்தன் கதைகள்' நூலுக்காக. வேதாளம் கேட்கும் கேள்வியெல்லாம் அறிவியல் கேள்வி. விஞ்ஞானமும் கதையும் ஒரே பெஞ்சில் உட்காரும் என்பதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்.

தெருவில் பார்த்தது மேடைக்குப் போன கதை

திருவண்ணாமலை மாணவி வினிஷா உமாசங்கர் பெயர் ஞாபகம் இருக்கிறதா? தெருவில் இஸ்திரி போடுபவர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு கரி எரிந்தால் நாடு முழுக்க எவ்வளவு என்று யோசித்தார். சூரிய சக்தியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். 2019-ல் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை கலாம் பெயரில் தரும் இக்னைட் விருது, 2020-ல் ஸ்வீடனின் குழந்தைகள் காலநிலை விருது, 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடை.

இதில் எந்த எழுத்தாளரும் வரவில்லை என்பீர்கள். உண்மைதான். ஆனால் தினமும் எல்லோரும் கடந்து போகும் இஸ்திரி வண்டியை நின்று பார்த்த அந்தப் பார்வை இருக்கிறதே, கதை எழுதுகிறவர்களுக்கும் முதலீடு அதுதான். நல்ல எழுத்தாளர் பள்ளிக்கு வந்தால் சொல்லிக் கொடுக்கக்கூடிய ஒரே வித்தையும் அதுதான். 'இன்னைக்கு வீட்டுக்குப் போகும்போது வழியில பார்த்த ஒண்ணை மட்டும் எழுதிட்டு வாங்க' என்று சொல்லிவிட்டுப் போகலாம். எழுதியதில் பாதி கதையாகும், சிலது கண்டுபிடிப்பாகும்.

திருத்தணியைச் சுற்றிப் பார்ப்பதற்கா பஞ்சம்? பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் தறிச் சத்தம். திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலைக்கு வரிசை கட்டும் கரும்பு லாரி. மலையில் 365 படி, அதில் வெயிலில் வெறுங்காலோடு ஏறும் ஆயிரக்கணக்கான பேர். தறியில் நூல் அறுந்தால் தானாக நிற்க என்ன செய்யலாம், படிக்கல் சூட்டை எப்படிக் குறைக்கலாம் என்று ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளை யோசித்தால் அது விளையாட்டு இல்லை.

யோசனை வந்தால் எங்கே அனுப்புவது?

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் 6-ம் வகுப்பில் இருந்து மாணவர்கள் யோசனை அனுப்பலாம். பள்ளி வழியாகத்தான் இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவரின் வங்கிக் கணக்குக்கே வரும். இதில் பல பள்ளிகள் சறுக்குவது ஒரே இடத்தில்: யோசனையைப் பிள்ளை எழுதுவதில்லை, இணையத்தில் இருந்து எடுத்து ஆசிரியரே நிரப்பிவிடுவார். தானியங்கி தெருவிளக்கு, மழை வந்தால் மூடும் கொடிக்கயிறு என்று ஒரே யோசனை ஒவ்வொரு கண்காட்சியிலும் வருவது இதனால்தான்.

தமிழ்நாடு அரசின் வானவில் மன்றம் 2022 நவம்பர் 28-ல் திருச்சி காட்டூரில் தொடங்கியது. 6 முதல் 8-ம் வகுப்பு வரை உள்ள 13,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளுக்குப் பரிசோதனைப் பொருட்களோடு கருத்தாளர்கள் நேரில் போகும் திட்டம். நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் ஆய்வகம் கிடைத்த பள்ளி என்றால் 20 லட்சம் ரூபாய் வரை உதவி. எல்லாப் பள்ளிக்கும் அது கிடைக்காது. அதற்கெல்லாம் முன்பே, 1987-ல் இருந்து தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்' இதழ் வருகிறது. பழைய துளிர் இதழ்களில் எளிய பொருட்களை வைத்துச் செய்யும் சோதனைகள் நிறைய கிடைக்கும்.

கதை எழுதும் பசங்களுக்கு?

இங்கே நிலைமை முன்பை விடப் பரவாயில்லை. 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிநிலைகளில் சின்னச் சின்னக் கதைப் புத்தகங்கள் அரசுப் பள்ளிகளுக்குப் போயின. எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு 'நுழை', சரளமாகப் படிப்பவருக்கு 'பற'. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஊஞ்சல்', மேல் வகுப்புகளுக்கு 'தேன்சிட்டு' என்ற இதழ்களைக் கல்வித் துறையே நடத்துகிறது. அதில் மாணவர்களின் படைப்புகளும் வருகின்றன.

குழந்தைகளைத் தேடிப் போகும் எழுத்தாளர்கள் தமிழுக்குப் புதுசும் இல்லை. அழ.வள்ளியப்பா வங்கியில் வேலை பார்த்துக்கொண்டே குழந்தைகளுக்குப் பாட்டு எழுதினார், 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கம் தொடங்கினார். 2017-ல் பால புரஸ்கார் பெற்ற வேலு சரவணன் நாடகத்தோடு பள்ளி பள்ளியாகப் போகிறவர். அவர் கோமாளி வேஷத்தில் உள்ளே நுழைந்தால் அங்கே வரவேற்புரைக்கு வேலையே இல்லை. 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' எழுதிய யெஸ்.பாலபாரதி (2020), மு.முருகேஷ் (2021), ஜி.மீனாட்சி (2022), 'ஆதனின் பொம்மை' எழுதிய உதயசங்கர் (2023), யூமா வாசுகி (2024), 'ஒற்றைச் சிறகு ஓவியா' எழுதிய விஷ்ணுபுரம் சரவணன் (2025) என்று அடுத்தடுத்து இந்த விருது பெற்றவர்கள் எல்லோரும் இப்போதும் எழுதிக்கொண்டிருப்பவர்கள். ஹெச்.எம். ஒருவர் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நின்றால், இந்தப் பட்டியலில் இருந்தே தொடங்கலாம்.

இதற்கு ஆதாரம் ஏதாவது இருக்கிறதா?

பிரிட்டனில் தேசிய எழுத்தறிவு அறக்கட்டளை 2019-ல் இதுபற்றி ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. எழுத்தாளர் வந்து போன பள்ளிகளின் பிள்ளைகளில், வயதுக்கு மீறிய வாசிப்புத் திறன் உள்ளவர்களின் பங்கு மற்ற பிள்ளைகளைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. வாசிப்பதும் எழுதுவதும் பிடிக்கும் என்று சொன்னவர்களும் அதிகம்.

ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. எழுத்தாளரைக் கூப்பிடும் பள்ளியில் ஏற்கெனவே நல்ல நூலகமும் அக்கறையான ஆசிரியரும் இருக்க வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் வாசித்தது எழுத்தாளர் வந்ததாலா, அந்த ஆசிரியராலா? அதைப் பிரித்துச் சொல்வது கஷ்டம். திருத்தணிக் கதையைக் கேட்டால் அது ஆசிரியர் பக்கம்தான் சாய்கிறது. ம.பொ.சி.யைக் கூப்பிட ஒரு மங்கலங்கிழார் இருந்தார்.

யார் வேண்டுமானாலும் வந்து பேசலாமா?

கூடாது. 2024 ஆகஸ்ட் இறுதியில் சென்னை அசோக் நகர் அரசுப் பள்ளியில் நடந்தது நினைவிருக்கலாம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் என்று அழைக்கப்பட்ட ஒருவர் முன்ஜென்மம், பாவ புண்ணியம் என்று பேச, பார்வை மாற்றுத்திறனாளி ஆசிரியர் ஒருவர் எழுந்து கேள்வி கேட்டார். வீடியோ பரவியது, பேச்சாளர் கைதானார். பள்ளி நிகழ்ச்சிகளுக்குப் புதிய வழிகாட்டு நெறிமுறைகள் வகுக்க முதலமைச்சர் உத்தரவிட்டார்.

அதற்குப் பிறகு வெளியாள் என்றாலே சில பள்ளிகள் பயப்படுகின்றன. இது இன்னொரு கோடி. பேச வருபவர் எழுதிய புத்தகத்தை ஆசிரியர் ஒருவராவது முழுதாகப் படித்திருந்தால் பாதிப் பிரச்சினை வாசலிலேயே தீர்ந்துவிடும். கல்வி அதிகாரிகளிடம் முன்கூட்டியே எழுத்துமூலம் அனுமதி வாங்கி, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரியப்படுத்திவிட்டால் மீதியும் தீரும். வகுப்பில் ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும், அதைச் சொல்லத் தேவையில்லை.

திருத்தணி பள்ளி ஒன்று எழுத்தாளரை அழைத்தால்...

சென்னையில் இருந்து கிட்டத்தட்ட 85 கிலோமீட்டர். சென்ட்ரலில் மின்சார ரயில் ஏறினால் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடலாம். போக்குவரத்து பிரச்சினையே இல்லை. பிரச்சினை காசு. எழுத்தாளர்தானே, சும்மா வருவார் என்ற நினைப்பு நம் ஊரில் உண்டு. மைக் செட்காரருக்குக் காசு, பந்தல்காரருக்குக் காசு, பேச வருபவருக்கு மட்டும் பொன்னாடை. அந்தப் பொன்னாடைக் காசுக்கும் மாலைக் காசுக்கும் அவர் புத்தகத்தில் பத்துப் பிரதி வாங்கி வகுப்புக்குக் கொடுத்துவிட்டு, பயணச் செலவையும் ஒரு சின்னத் தொகையையும் கவரில் வைத்துக் கொடுப்பது மரியாதை.

வருவதற்கு மூன்று வாரம் முன்பாகவே புத்தகம் வகுப்பில் சுற்ற வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு கேள்வி எழுதட்டும். ஆசிரியர் திருத்த வேண்டாம். 'உங்களுக்கு எழுத்தாளராக ஊக்கமளித்தது எது?' மாதிரிக் கேள்வி வந்தால் அது ஆசிரியர் எழுதிக் கொடுத்தது என்று எழுத்தாளருக்கே தெரிந்துவிடும்.

அன்றைக்கு ஆயிரம் பேரை மைதானத்தில் உட்கார வைப்பதை விட, நாற்பது பேர் கொண்ட வகுப்பில் இரண்டு மணி நேரம் விடுவது நல்லது. மற்ற வகுப்புப் பிள்ளைகள் கோபித்துக்கொள்வார்கள்; அடுத்த முறை அவர்களுக்கு. தமிழ் ஆசிரியரோடு அறிவியல் ஆசிரியரும் உள்ளே இருந்தால் இன்னும் நல்லது. கதையில் ஒரு பிள்ளை கிணறு பற்றி எழுதினால், தண்ணீர் ஏன் கீழே போச்சு என்ற கேள்வி அங்கேயே பிடிபடும்.

இந்த ஊருக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது. எல்லை என்பதால் வீட்டில் தெலுங்கு பேசும் குடும்பங்கள் கணிசம். 2006-ல் வந்த தமிழ் கற்கும் சட்டத்துக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் தமிழ் படிக்கிறார்கள். ஆனால் பாட்டி சொல்லும் கதை தெலுங்கில், பரீட்சை தமிழில். இந்தப் பிள்ளைக்கு எழுத வராது என்று முடிவு கட்டிவிடுவது சுலபம். கி.ராஜநாராயணன் வீட்டில் பேசியதும் தெலுங்குதான். ஆந்திரத்தில் இருந்து தெற்கே வந்து குடியேறிய தன் முன்னோர் கதையைத்தான் 'கோபல்ல கிராமம்' என்று எழுதினார். அதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-ல் சாகித்ய அகாடமி கிடைத்தது. பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் கூப்பிட்டு நாட்டார் கதை சேகரிக்கும் பொறுப்பைக் கொடுத்தது. ஆகவே பாட்டி கதையைப் பிள்ளை முதலில் தெலுங்கிலேயே சொல்லட்டும், பிறகு தமிழில் எழுதட்டும். நடுவில் நாலு தெலுங்கு வார்த்தை வந்தால் சிவப்பு மையை எடுக்க வேண்டாம்.

போன பிறகு என்ன? ஒரு மாதம் கழித்துப் பிள்ளைகள் எழுதியதை எழுத்தாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அவர் நாலு வரி பதில் போட்டால் அந்தக் காகிதம் வகுப்புச் சுவரில் வருஷக்கணக்கில் இருக்கும். நன்றாக வந்ததை 'தேன்சிட்டு'க்கு அனுப்பலாம். பத்து ஜெராக்ஸ் எடுத்துப் பின் அடித்தால் பள்ளிக்கே ஒரு கையெழுத்து இதழ் ஆச்சு. யோசனையாக வந்தது இன்ஸ்பயர் பதிவுக்குப் போகட்டும்.

எழுத்தாளர் யாரும் கிடைக்கவில்லை என்றால்?

அதற்கும் வழி இருக்கிறது. டிசம்பர் 31-ல் படிக்கு ஒரு திருப்புகழ் பாடிக்கொண்டே மலை ஏறும் பஜனைக் குழுக்கள் வருகின்றன. அவர்களிடம் யார் சொல்லிக் கொடுத்தார்கள், எப்படி மனப்பாடம் செய்தீர்கள் என்று கேட்டு எழுதலாம். தறி ஓட்டுபவரைக் கூப்பிட்டு, இயந்திரம் அடிக்கடி எங்கே மக்கர் பண்ணுகிறது என்று கேட்கலாம். அவர் சொல்லும் பதிலில் ஒரு கண்டுபிடிப்புக்கான விஷயம் இருக்கும்.

எல்லைப் போராட்டத்தைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இந்தப் பகுதியில் இருப்பார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர் ஒரு மாநிலத்தில் இருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்த அன்று பள்ளியில் என்ன நடந்தது, எந்த மொழியில் பாடம் எடுத்தார்கள், மிட்டாய் கொடுத்தார்களா என்று அவர்களைக் கேட்டு எழுத ஒரு நோட்டும் ஒரு சாயங்காலமும் போதும். 1960 ஏப்ரல் 1-ல் பத்து வயசுப் பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது வயது எழுபத்தைந்தைத் தொட்டுவிட்டது.